சிவப்புக் கோட்டு எல்லாம் இங்கிலீஷ்காரன் அல்ல!

கடலூர் மண்ணில் ஜெர்மானியரை ஜெர்மானியர் சுட்ட கதை. கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு நிறம் தேடப் போனால், மறந்துபோன ஒரு யுத்தம் கண்முன் வருகிறது.

நவராத்திரி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு கொலுப்படி எழும்பும். மேல்படியில் சுவாமி பொம்மைகள். கீழ்ப்படியில் செட்டியாரும் ஆச்சியும், கல்யாண ஊர்வலம், பாண்டு வாத்தியக் கோஷ்டி. அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சில சிப்பாய்கள்.

"இந்தச் சிப்பாய்க்கு ஏன் பாட்டி சிவப்புச் சட்டை?" என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன பதில் வரும்?

"அது வெள்ளைக்காரன் பட்டாளம். அவன் சட்டை சிவப்பு" என்று பாட்டி சொல்லுவாள்.

இந்தப் பதிலில் பாதி சரி, பாதி தப்பு. சிவப்புக் கோட்டுப் போட்டவன் எல்லாம் இங்கிலீஷ்காரன் அல்ல. அவர்களில் ஜெர்மானியர் இருந்தார்கள். அயர்லாந்துக்காரர் இருந்தார்கள். நம் ஊர்த் தமிழரும் இருந்தார்கள். யார் யாருக்காக யார் யார் செத்தார்கள் என்பதைப் பல சமயம் அந்தச் சட்டைதான் சொல்லுகிறது.

விரல் உயர வீரர்கள்

நமக்குக் கொலு எப்படியோ, அப்படி மேல்நாட்டில் பலருக்குப் போர்வீரர் பொம்மை. 1770-களில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் ஹில்பெர்ட் என்ற கைவினைஞர் ஈயம், வெள்ளீயம் கலந்து தட்டையான சிப்பாய்களை வார்த்தார். அடுத்த நூற்றாண்டில் அதே நகரத்து ஹைன்ரிக்சன் பட்டறை 30 மில்லிமீட்டர் உயரத்தை ஓர் அளவாக்கியது. கட்டைவிரலின் மேல் கணுவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்! குல்ம்பாக் நகரில், பிளாசன்பர்க் கோட்டையில், இப்படிப்பட்ட பொம்மைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே சுமார் 3 லட்சம் உருவங்கள்!

இன்று உலகம் எங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சிறு உருவங்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். மெல்லிய தூரிகையும் பூதக்கண்ணாடியும் அவர்களுடைய கருவிகள். மீசைக்கு ஒரு கோடு. பொத்தானுக்கு ஒரு புள்ளி. ஆனால் கைத்திறமை மட்டும் போதாது. காலர் என்ன நிறம்? கைமடிப்பு என்ன நிறம்? பொத்தான் வெள்ளையா, மஞ்சளா? இவற்றுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாமல் நிறம் பூசுவதைத் தேர்ந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அவர்களுக்கு மிகவும் தலைவலி கொடுப்பவை, ஜெர்மன் துணைப்படைகள். ஒரு ராஜாவின் சண்டைக்காக வேறு ராஜ்யம் அனுப்பிய படைக்குத்தான் துணைப்படை என்று பெயர். அப்படி ஒரு படை நம் தமிழ்நாட்டிலும் நின்று போராடியது என்பது பலருக்குத் தெரியாது.

கோவில் கோட்டையான காலம்

அந்தக் கதைக்குப் போகுமுன், திருவண்ணாமலையைச் சுற்றி ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

அருணாசலேசுவரர் கோவிலின் ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. சுற்றிலும் ஓங்கிய மதில்கள். பக்தனுக்கு அது கைலாசம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் படைத்தலைவர்களின் கண்ணுக்கு அது கோட்டையாகத் தெரிந்தது. மாறி மாறிப் பல படைகள் வந்தன. 1767 செப்டம்பர் 3-ந் தேதி செங்கத்தில் சண்டை. அதே மாதம் 26-ந் தேதி திருவண்ணாமலையில் சண்டை. ஒரு பக்கம் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும்; மறுபக்கம் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை. 1790-இல் திப்பு சுல்தானின் படையும் இந்த ஊரைப் பிடித்தது.

கம்பெனிப் படையின் வெள்ளைக்காரர் எல்லாரும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் அல்ல. ஜெர்மானியரையும் சுவிஸ்காரரையும் கம்பெனி கூலிக்குச் சேர்த்தது. 1750-களில் சென்னையில் சுவிஸ்காரர்களைக் கொண்ட தனிப் பிரிவுகளே இருந்தன.

இரு பக்கமும் சிவப்பு!

இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது வந்தவாசி. 1760 ஜனவரி 22-ந் தேதி அங்கே இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய யுத்தம் நடந்தது. இங்கிலீஷ் தளபதி அயர் கூட். பிரெஞ்சுத் தளபதி லாலி.

லாலியின் தகப்பனார் அயர்லாந்துக்காரர். லாலியின் பெயரைத் தாங்கிய பிரிவும் அயர்லாந்துப் பிரிவுதான். பிரெஞ்சு ராஜாவின் காலாட்படைக்குப் பொதுவாக வெள்ளைக் கோட்டு. ஆனால் அயர்லாந்துப் பிரிவுகளுக்குச் சிவப்பு! ஆகவே வந்தவாசியில் சிவப்புக் கோட்டுக்காரனை எதிர்த்துச் சிவப்புக் கோட்டுக்காரன் நின்றான்.

"சிவப்பு என்றால் இங்கிலீஷ்காரன், வெள்ளை என்றால் பிரெஞ்சுக்காரன்" என்று பொம்மைக்கு நிறம் பூசினால் வந்தவாசியிலேயே தவறு நேர்ந்துவிடும்.

அன்று தோற்ற பக்கத்தில் சிறைப்பட்ட ஒரு பெரிய அதிகாரியின் பெயர் புஸ்ஸி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 23 வருஷம் கழித்து அவர் மீண்டும் வருகிறார்.

ஹானோவர் பட்டாளம்

அந்தக் காலத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. அது 1871-இல்தான் ஒன்றாயிற்று. அதற்கு முன் பெரிதும் சிறிதுமாகப் பல ராஜ்யங்கள். அவற்றில் ஒன்று ஹானோவர். இங்கிலாந்தின் ராஜா மூன்றாம் ஜார்ஜ்தான் ஹானோவருக்கும் அதிபதி. ஒரே தலை, இரண்டு கிரீடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில ஜெர்மன் சிற்றரசர்கள் தங்கள் குடிகளைப் பட்டாளமாக்கி, பணத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் இங்கிலாந்துக்காகச் சுமார் 30,000 ஜெர்மானியர் போனார்கள். அதிகம் பேர் ஹெஸ்ஸே என்ற பகுதியிலிருந்து போனதால் அமெரிக்கர்கள் எல்லாரையுமே 'ஹெஸ்ஸியர்' என்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நீலக் கோட்டு.

அதே சமயம் தென்னிந்தியாவில் ஹைதர் அலி கம்பெனியைத் திணற அடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு ஆள் பற்றவில்லை. 1781-இல் ஹானோவரில் இரண்டு காலாட்படைப் பிரிவுகள் திரட்டப்பட்டன. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 2,000 பேர். செலவு கம்பெனியுடையது. பல மாதக் கடற்பிரயாணத்துக்குப் பிறகு 1782-இல் அவர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

அவர்களுக்கு அதிகாரிகள் ஜெர்மானியர். கட்டளை ஜெர்மன் பாஷையில். பாதிரியாரும் ஜெர்மானியர். ஆனால் கோட்டு மட்டும் சிவப்பு! ஏனென்றால் ஹானோவர்ப் படையின் நிறமே சிவப்புதான்.

பிறகு இங்கிலீஷ்காரனையும் ஹானோவர்க்காரனையும் எப்படிப் பிரித்து அறிவது? தொப்பியில் குத்தும் துணிப்பூவைப் பார்த்தால் பயன் இல்லை. பிரெஞ்சுக்காரனுக்கு அது வெள்ளை. மற்ற இருவருக்கும் கறுப்பு. அதிகாரியின் கச்சையைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் அதிகாரிக்குக் கருஞ்சிவப்புப் பட்டுக் கச்சை. ஹானோவர் அதிகாரிக்கு மஞ்சள் பட்டுக் கச்சை. துள்ளும் வெள்ளைக் குதிரை ஹானோவரின் சின்னம்.

விரல் உயரப் பொம்மையில் அந்தக் கச்சை ஒரு மஞ்சள் கோடு. அந்த ஒரு கோட்டை மறந்தால் ஜெர்மானியன் இங்கிலீஷ்காரன் ஆகிவிடுகிறான்!

கடலூரில் நடந்தது

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டரில் கடலூர். 1783-இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே தளபதி யார் தெரியுமா? வந்தவாசியில் சிறைப்பட்டாரே, அதே புஸ்ஸி! இப்போது அவருக்கு வயது முதிர்ந்துவிட்டது.

ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் இங்கிலீஷ் படை வந்து ஊருக்குத் தெற்கே பாளையம் இறங்கியது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் குன்றுகள். இங்கிலீஷ் ஏடுகள் அவற்றைப் 'பண்டிபாலம் குன்றுகள்' என்று எழுதின. நம் வண்டிப்பாளையம்தான் அது. இன்று கொலுப் பொம்மை செய்யும் கைவினைஞர்களுக்குப் பெயர்போன ஊர்!

ஜூன் 13-ந் தேதி விடியற்காலையில் யுத்தம் தொடங்கியது. நாள் முழுவதும் பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கின. சித்திரை, வைகாசி வெயில் கடந்தும் அனல் தணியாத நேரம். கம்பளிக் கோட்டுக்குள் ஜெர்மானியர்கள் வெந்தார்கள். இங்கிலீஷ்காரர் பக்கத்தில் மட்டும் அன்று ஒரே நாளில் மாண்டவரும் காயம்பட்டவருமாக ஏறக்குறைய 1,000 பேர். பிரெஞ்சுக்காரர் இரவில் பின்வாங்கி ஊருக்குள் புகுந்தனர். ஜூன் 25-ந் தேதி வெளியே வந்து தாக்கினர். அது பலிக்கவில்லை.

இந்தச் சண்டையில் பிரெஞ்சுப் பக்கத்தில் நின்ற பிரிவுகளில் ஒன்று 'லா மார்க்'. பெயர் பிரெஞ்சுப் பெயர். ஆட்களோ பெரும்பாலும் ஜெர்மானியர். பிரெஞ்சு ராஜா பணம் கொடுத்து வைத்திருந்த ஜெர்மன் பிரிவு அது. அத்தகைய பிரிவுகளுக்கு நீலக் கோட்டு.

இங்கிலாந்துக்காகச் சிவப்புக் கோட்டு ஜெர்மானியர். பிரான்ஸுக்காக நீலக் கோட்டு ஜெர்மானியர். இருவரும் பேசியது ஒரே பாஷை. அடிபட்டு விழுந்தபோது "அம்மா" என்று கூப்பிட்டதும் ஒரே பாஷையில்தான். செத்து விழுந்ததோ தமிழ் மண்ணில்!

இதைவிடத் துயரமான விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தும் பிரான்ஸும் சண்டையை நிறுத்துவது என்று 1783 ஜனவரி 20-ந் தேதியே வெர்சேல்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டன. சேதி கப்பலில் வரவேண்டும் அல்லவா? அது வந்து சேர்ந்தபோது கடலூர்ச் சண்டை முடிந்து சில நாள் ஆகியிருந்தது. சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து அவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள்.

கைதி ராஜாவான கதை

கடலூரைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. ஜூன் 25-ந் தேதிச் சண்டையில் ஒரு பிரெஞ்சு சார்ஜெண்ட் காயத்தோடு பிடிபட்டானாம். ஹானோவர்ப் படையின் கர்னல் வாங்கன்ஹைம் அவனைத் தம் கூடாரத்தில் வைத்துக் காப்பாற்றினாராம். பல வருஷம் கழித்து ஹானோவரைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. அப்போது பெரிய தளபதி ஒருவர் கிழவரான வாங்கன்ஹைமை அழைத்து, "அந்தக் கைதி நான்தான்" என்று கட்டிக்கொண்டாராம். அவர் பெயர் பெர்னடோட். பிற்பாடு 1818-இல் சுவீடனுக்கு ராஜா ஆனவர்!

மார்க் வில்க்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதியதால் இந்தக் கதை எங்கும் பரவியது. ஆனால் கதை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? படையின் பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பெர்னடோட் சேர்ந்த பிரிவு கடலூருக்கு வரவே இல்லை. அவர் சார்ஜெண்ட் ஆனதும் 1785-இல்தான்.

எத்தனை இனிக்கும் கதையானாலும் ஏட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். பொம்மைக்கு நிறம் பூசுகிறவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஆதாரம் தேடும் வழி

ஒரு ஹானோவர்ச் சிப்பாய்க்கு நிறம் தேடுவது எப்படி?

முதல் விதி: படத்தின் வருஷத்தைப் பார். ஹானோவர்ப் படையின் உடுப்புகளைக் காட்டும் அழகான பழைய சித்திர ஏடு ஒன்று உண்டு. அது 1761-ஐ ஒட்டிய காலத்து உடுப்பைக் காட்டுவது. கடலூர்ச் சண்டையோ 1783. இடையில் 22 வருஷம். அதற்குள் கோட்டின் வெட்டு மாறும், தொப்பியும் மாறும். தாத்தாவின் கல்யாணப் படத்தைப் பார்த்துப் பேரனுக்குச் சட்டை தைக்க முடியுமா?

இரண்டாவது விதி: வரைந்தவன் கண்ணால் பார்த்தானா? ரிச்சர்ட் க்னோட்டல் என்ற ஜெர்மானிய ஓவியர் 1890 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட உடுப்புப் படங்களை வெளியிட்டார். மகத்தான உழைப்பு. ஆனால் அவர் கடலூர்ச் சண்டைக்கு நூறு வருஷம் பிந்தியவர். வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது விதி: பெயரும் எண்ணும் ஏமாற்றும். சென்னைக்கு வந்த ஹானோவர்ப் பிரிவுகளைச் சில ஏடுகள் 15, 16 என்கின்றன. சில ஏடுகள் 14, 15 என்கின்றன. இரண்டும் ஒரே ஆட்கள்தான்! எண் மாறியது தெரியாதவன் ஒரு பட்டாளத்தின் காலரை இன்னொன்றுக்குப் பூசிவிடுவான்.

நான்காவது விதி: கூட இருந்தவன் எழுதியதைப் படி. அந்தப் படையின் பாதிரியார் லாங்ஸ்டெட், ஊருக்குத் திரும்பி 1789-இல் பிரயாண நூல் வெளியிட்டார். பெஸ்ட் என்ற அதிகாரியின் இந்தியக் கடிதங்கள் 1807-இல் புத்தகமாயின.

தமிழிலும் சாட்சி உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வந்தவாசி யுத்த காலம் வரை செல்லுகிறது. அடுத்து இரண்டாம் வீராநாயக்கர் என்பவரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை. கடலூர்ச் சண்டையும் ஹானோவர்க்காரர் இங்கே இருந்த காலமும் அதற்குள் அடக்கம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துப் பதிவுகள் மலைபோல் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் பழைய உடுப்புகளையும் ஆயுதங்களையும் நேரில் பார்க்கலாம்.

எந்தச் சிவப்பு?

எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

அதிகாரியின் கோட்டுக்குப் பூச்சிச் சாயம். மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியில் வளரும் சிறு பூச்சியை உலர்த்தி எடுப்பது. விலை அதிகம், நிறம் பளீரென்று இருக்கும். 1780-களின் பிற்பகுதியில் இந்தப் பூச்சியை இங்கேயே வளர்க்கலாம் என்று சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஆண்டர்சன் கள்ளித் தோட்டமே போட்டார்.

சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு வேர்ச் சாயம். நம் மஞ்சிட்டிக்கு உறவான செடி. அது செங்கல் நிறம். நம் வெயிலில் இன்னும் வெளுக்கும்; வேர்வையில் கறுக்கும். ஆகவே சிப்பாய் பொம்மைக்கு டப்பாவிலுள்ள சிவப்பை அப்படியே பூசக்கூடாது. அதில் ஒரு துளி பழுப்பைக் கலக்க வேண்டும். அதிகாரிக்கு மட்டும் பளிச்சென்ற சிவப்பு.

பணக்காரனுக்கு ஒரு சிவப்பு, ஏழைக்கு ஒரு சிவப்பு. பொம்மையிலும் அது தெரிந்தாக வேண்டும்!

நம் சிப்பாய்

ஜெர்மானியரைப் பற்றி இத்தனை தேடுகிறவர்கள், பக்கத்தில் நின்றவனை மறந்துவிடக்கூடாது. கடலூரில் இங்கிலீஷ் படையோடு சென்னைச் சிப்பாய்களும் வங்காளச் சிப்பாய்களும் தோளோடு தோள் நின்றார்கள். சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கரும் நிறைய உண்டு.

மேலே சிவப்புச் சட்டை. தலையில் பாகை. கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் உடுப்பு. காலில் செருப்பு. அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் சிப்பாயையும் அவன் மனைவியையும் ஜோடியாக வரைந்து வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். நம் சிப்பாய் எப்படி இருந்தான் என்பதற்கு அந்தப் படங்கள் நல்ல சாட்சி. வரைந்தவன் கண்ணால் பார்த்து வரைந்தான்.

மூன்று பொம்மைகள்

யுத்தம் முடிந்த பிறகும் ஹானோவர்க்காரர் பல வருஷம் இங்கே இருந்தார்கள். ஆற்காட்டில் பாளையம் போட்டுத் தங்கினார்கள். குண்டுக்குத் தப்பிய பலர் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் தப்பவில்லை. 1791, 1792-இல் மிச்சம் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். புறப்பட்டபோது இருந்த கூட்டம் திரும்பும்போது இல்லை.

கொலுப்படியில் மூன்று சிப்பாய் பொம்மைகளை வைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் செங்கல் நிறக் கோட்டுப் போட்ட ஹானோவர்க்காரன். இரண்டாமவன் நீலக் கோட்டுப் போட்ட லா மார்க் பிரிவு ஜெர்மானியன். மூன்றாமவன் பாகை கட்டிய தமிழன். மூன்று பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பகை கிடையாது. யாரோ கையெழுத்துப் போட்டார்கள். யாரோ பணம் கொடுத்தார்கள். மூன்று பேரும் கடலூருக்கு வந்தார்கள்.

தளபதிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இந்த மூவரின் பெயரையும் எந்த வீட்டுக் கொலுவிலும் யாரும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்காக நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். சட்டையின் நிறத்தையாவது சரியாகப் பூசுவது.

அடுத்த நவராத்திரிக்கு, "ஏன் பாட்டி சிவப்புச் சட்டை?" என்று குழந்தை கேட்டால், பாட்டி கொஞ்சம் யோசித்து, "எந்தச் சிவப்பு என்று பார்த்துச் சொல்லு கண்ணே, அவன் யார் என்று சொல்லுகிறேன்" என்று சொல்லட்டும்.